பேனலோடு அதன் படத்தையும் தாருங்கள்

மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். சோலார் பேனல் தொழிற்சாலை ஒன்றின் தரப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது கோவில்பட்டி வட்டாரத்தில் வீட்டுக் கூரைகளில் பேனல் பொருத்தித் தரும் தொழில் செய்து வருகிறேன். அரசுத் திட்டங்களில் எந்தெந்தப் பேனல்களைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அங்கீகரிக்கப்பட்ட மாதிரிகள் மற்றும் உற்பத்தியாளர்கள் பட்டியலில் இடம்பெறுவதற்கான நிபந்தனைகளுடன் ஒன்றைச் சேர்க்குமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். ஒவ்வொரு பேனலுக்கும் தொழிற்சாலையில் கடைசியாக எடுக்கப்படும் ஈ.எல். (எலக்ட்ரோலூமினசன்ஸ்) படத்தை, அந்தப் பேனலைக் காசு கொடுத்து வாங்கியவரும் பார்க்க வழி செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை.

தொழிலுக்கு வெளியே உள்ளவர்களும் படிக்கக்கூடும் என்பதால், அது என்ன படம் என்று சொல்லிவிடுகிறேன். வெயில் பட்டால் மின்சாரம் தரும் சிலிக்கன் செல்லுக்குள் நாம் மின்சாரத்தைச் செலுத்தினால், அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மங்கலாக உமிழும். இருட்டறையில் அதற்கென உள்ள கேமராவில் படமெடுத்தால், மின்சாரம் ஓடும் இடம் வெளிறியும் ஓடாத இடம் கறுத்தும் விழும். மயிரிழை விரிசலும், சரியாகப் பற்றாத சால்டரும், செல்லின் மேலோடும் மெல்லிய வெள்ளிக் கோடுகளில் அறுபட்டவையும் அதில் அகப்பட்டுவிடும். வெறுங்கண்ணால் பார்த்தால் அதே பேனல் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருக்கும். கண்ணாடியோடு செல்களைச் சூடாக்கி ஒட்டும் லேமினேஷனுக்கு முன் எடுக்கும் படத்தில் பழுது தெரிந்தால் அந்தச் செல்லை மட்டும் எடுத்து மாற்றிவிடலாம். கண்ணாடியும் செல்லும் ஒன்றாக ஒட்டி வெளிவந்த பிறகு பிரித்துச் சரிசெய்யும் ரீவொர்க் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாம் தரமான பி கிரேடு, இல்லையென்றால் கழிவு.

ஆண்டுக்கு மொத்தம் 500 மெகாவாட் திறனுள்ள பேனல்களைத் தயாரிக்கும் ஓர் உற்பத்தி வரிசையில் 550 வாட் பேனல்கள் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஓடும். இரவு பகல் ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் 35 வினாடிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 144 அரைச்செல்கள், அதாவது இரண்டாக வெட்டிய செல்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இவற்றைத் திரையில் கண்ணால் பார்த்தே தேர்ந்தோம். அதிகாலை நான்கு மணிக்கு எல்லாச் செல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே கணினியே படத்தைப் படித்து ‘ஓ.கே.’, ‘என்.ஜி.’ (நாட் குட், தேறாதது) என்று பிரிக்கும் தானியங்கிச் சோதனை வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதற்குத் தூக்கம் வராது. ஆனால் எத்தனை மில்லிமீட்டர் விரிசலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அதற்குச் சொல்வது மனிதர்தான். எந்திரம் நல்ல பேனலையும் தள்ளிவிடுவதை ‘ஓவர்கில்’ என்போம். அது கூடினால் வரிசை தேங்கும். மாதக் கடைசியில் லோடு கிளம்பியாக வேண்டிய நெருக்கடியில், ஒரே ஷிஃப்டுக்குள் அந்த வரம்பைத் தளர்த்தியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். அன்று வெளியேறிய பேனல்கள் யார் வீட்டுக் கூரையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

எட்டயபுரம் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் பெற்று ஆறு பேனல்கள் போட்டார். இரண்டாம் ஆண்டில் உற்பத்தி குறைந்தது. ஓர் இரவு கேமராவை வாடகைக்கு எடுத்துச் சென்று அவர் மாடியிலேயே படமெடுத்தேன். ஒரு பேனலில் மூன்று செல்கள் பாதிக்குப் பாதி கறுத்துக் கிடந்தன. லேப்டாப் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏந் தம்பி, இது வரும்போதே இப்படித்தான் வந்துச்சா, இல்ல உங்க பசங்க மிதிச்சதுல ஆச்சா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. லாரியிலோ பொருத்தும்போதோ உடைந்திருக்கும் என்று தயாரிப்பாளர் எழுதினார். அப்படியும் இருக்கலாம், பையன்கள் முழங்காலை ஊன்றவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. தொழிற்சாலைப் படம் ஒன்று கையில் இருந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடத்தில் தீர்த்திருக்கலாம். கேட்டோம், அது உள் ஆவணம் என்றார்கள்.

பல மெகாவாட் வாங்கும் நிறுவனங்கள் தம் ஆய்வாளரைத் தொழிற்சாலையிலேயே உட்காரவைத்து இந்தப் படங்களைப் பார்த்துத்தான் சரக்கு எடுக்கின்றன. ஐ.ஐ.டி. பம்பாயும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து நடத்திய அகில இந்திய ஆய்வுகளில், பெரிய மின்நிலையங்களைவிடச் சிறிய அமைப்புகளிலும் கூரைகளிலுமே தேய்மானம் கூடுதலாகத் தெரிந்தது. படம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது மறுக்கப்படுகிறது. தொழில் ரகசியம் என்ற வாதம் எனக்குப் பிடிபடவில்லை. பெரிய வாடிக்கையாளருக்குக் காட்டுவது மளிகைக்கடைக்காரருக்கு மட்டும் எப்படி ரகசியமாகும்?

இன்னொரு தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. எல்லா விரிசலும் கேடானது அல்ல. இப்போதைய செல்களில், மெல்லிய கோடுகளிலிருந்து மின்சாரத்தைத் திரட்டும் உலோகப் பட்டைகளான பஸ்பார்கள் நெருக்கமாக இருப்பதால், பல விரிசல்களைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போய்விடும். பஸ்பாருக்கு இணையாக ஓடி ஒரு துண்டையே துண்டித்துவிடும் விரிசல்தான் ஆபத்து. வெறும் படத்தைக் கொடுத்தால் ஒரு கீறலைக் கண்டவுடன் திருப்பி அனுப்புவார்கள் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சுவது புரிகிறது. அதனால்தான் எந்த வகை விரிசல் எந்த அளவு வரை ஏற்கத்தக்கது என்பதை அமைச்சகமே வரையறுத்து, பேனலைத் தேர்வு செய்த நாளில் எந்திரத்தில் இருந்த வரம்பையும் படத்துடன் பதிவு செய்ய வைக்க வேண்டும் என்கிறேன். படமெடுக்கும் முறைக்கு 2018-இல் வந்த சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60904-13 ஆவணம் ஏற்கெனவே உள்ளது.

இதற்குப் புதிய ஏற்பாடும் தேவையில்லை. அரசுத் திட்டங்களுக்கான பேனல்களில் ரேடியோ அலையால் படிக்கக்கூடிய ஆர்.எஃப்.ஐ.டி. அடையாளப் பட்டை இருக்க வேண்டும் என்றும், அதில் வரிசை எண், தயாரித்த மாதம், மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் காட்டும் ஐ-வி வரைகோடு முதலியவை இருக்க வேண்டும் என்றும் விதித்தது உங்கள் அமைச்சகமே. அதே வரிசை எண்ணைத் தட்டினால் படமும் வரட்டும். தயாரிப்பு உத்தரவாதம் முடியும் வரை அதை அழிக்காமல் வைத்திருக்கட்டும். தொழிற்சாலை ஆய்வுக்கு வரும் உங்கள் குழு, கிடங்கிலிருந்து தான் பொறுக்கிய சில பேனல்களை மீண்டும் படமெடுத்து, எந்திரம் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அண்ணாச்சி வீட்டுப் பேனல் இன்னும் அதே கூரையில்தான் இருக்கிறது. அதன் வரிசை எண்ணையும் அன்றிரவு எடுத்த படத்தையும் அவர் ஒப்புதலோடு வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கூரை சோலார் அமைப்பாளர் ஒருவர்,
கோவில்பட்டி.