மிதவைப் படகு வாங்கவிருக்கும் நண்பனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஓய்வூதியப் பணம் கைக்கு வந்ததும், மிதவைக் குழாய்களின்மேல் தளம் போட்ட பொன்டூன் படகு ஒன்றை வாங்கி, மட்டக்களப்பு வாவியில் உல்லாசப் பயணிகளை ஏற்றப்போவதாக நீ எழுதியதை வாசித்து மிகவும் மகிழ்ந்தேன். பிலியந்தலைப் பக்கம் பொல்கொடை ஏரியில் மைத்துனர் வைத்திருக்கும் படகை, அவர் ஊரில் இல்லாத காலமெல்லாம் நானே பார்த்துக்கொள்வதால், பாரம் ஏற்றுவது, பாதுகாப்பு, பராமரிப்பு பற்றி நீ கேட்டவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இந்தப் படகு கவிழவே கவிழாது என்று விற்பவர் உன்னிடம் சொல்லியிருப்பார். அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து விவசாயி அம்புரோஸ் வீரெஸ், இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பொருத்தி அவற்றின்மேல் மரத்தளம் அமைத்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை; குழாய்களுக்குள் அடைபட்ட காற்றுத்தான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. 60 சென்ரிமீற்றர் விட்டமும் 6 மீற்றர் நீளமும் கொண்ட அலுமினியக் குழாய் முழுவதும் அமிழ்ந்தால் ஏறத்தாழ 1,700 லீற்றர் நீரை விலக்கும்; அதாவது, நன்னீரில் 1,700 கிலோகிராம் தாங்கும். இரண்டு குழாய்களுக்கும் 3,400. ஆனால் பாரம் ஏற்றிய பிறகும் குழாய்களில் பாதியளவு நீருக்கு மேலே தெரியவேண்டும் என்பதால், 1,700 கிலோவுக்கு மேல் நீ கணக்கில் எடுக்கக்கூடாது. குழாய்கள், தளம், ஆசனங்கள், கூரை, எஞ்சின், பெற்றோல் ஆகியவற்றின் நிறை கழிந்து மிஞ்சுவதுதான் ஆட்களுக்கு. பத்துப் பேர் என்றால் அதுவே 750 கிலோவை எட்டிவிடும்.

எவ்வளவு பாரம் என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். வலப்பக்கம் முதலை தெரிகிறது என்று ஒருவர் கூவினால் எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் ஓடுவார்கள்; படகு சாயும். எல்லோரும் முன்னுக்கு நின்று படம் எடுக்கும் வேளையில் நீ வேகத்தைச் சட்டென்று குறைத்தால், படகின் முன்பக்கமான அணியம் தாழ்ந்து, எதிரே வரும் அலை தளத்தின்மேல் ஏறிவிடும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ‘பாதை’ எனப்படும் ஓடம் கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்ததை, கிழக்கில் இருக்கும் உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அதுவும் மிதவைமேல் தளம் போட்ட ஓடந்தான். எத்தனை பேர், யார் எங்கே இருப்பது என்பதை ஏறுமுன்பே நீதான் சொல்லவேண்டும். வாடகை கொடுத்தவர் மனங்கோணினாலும் பரவாயில்லை.

முன்கதவைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்காருவது பிள்ளைகளுக்குப் பெரிய ஆசை. அங்கிருந்து வழுக்கினால் பிள்ளை விழுவது இரண்டு குழாய்களுக்கும் நடுவில். படகு அதன்மேலேயே போகும். பின்னால் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்தக் கதவு பூட்டியே இருக்கட்டும். நீரில் இறங்கியவர்கள் திரும்ப ஏறும்போது கியரை நியூட்ரலில் விடுவது போதாது, எஞ்சினையே நிறுத்து. அவசரத்தில் எஞ்சினை அணைக்கும் கயிறு எப்போதும் உன் உடலோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கிகளை ஆசனத்துக்கு அடியில் அடுக்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை, அவை உடலில் இருக்கவேண்டும்.

இனி, கரையில் வைக்கும் முறை. இங்கே மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்குமுன் படகை ஏற்றிவிடுவோம். உனக்கு மாரி ஐப்பசியில் நெருங்குவதால் அதற்கு முன்பே ஏற்றவேண்டும். ஏற்றியதும் அணியம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்திவிட்டு, குழாய்களின் அடிப்பக்கத்தை விரல் முட்டியால் நெடுகத் தட்டிக்கொண்டு போ. காற்று இருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும், நீர் புகுந்த இடம் மந்தமாக ஒலிக்கும். குழாயின் உட்புறம் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதால் ஓர் அறையில் மட்டும் நீர் நிற்கக்கூடும்; அறைக்கு மூடி இருந்தால் கழற்றி வடியவிட்டு, பற்றவைப்பு (வெல்டிங்) எங்கே விட்டிருக்கிறது என்று பார்க்காமல் திரும்ப இறக்காதே. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்பதால், அரைகுறையாக நிரம்பிய ஓர் அறையே இரண்டு மூன்று பேரின் நிறையை ஒருவரும் அறியாமல் சுமந்துகொண்டு வரும்.

உங்கள் வாவி உவர்நீர். அலுமினியத்தை அரிக்கவிடாமல் தான் அரிபட்டுத் தீரும் அனோட் துண்டு, உவர்நீருக்கு அதற்கென்றே செய்த அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனதாக இருக்கவேண்டும். நன்னீருக்கு உரிய மக்னீசியம் அங்கே விரைவில் கரைந்துவிடும். பாசி பிடிக்காதிருக்கச் செம்பு கலந்த பெயின்ற் பூசச் சொல்வார்கள். அலுமினியத்தில் அதைப் பூசவே கூடாது, குழாயைத் துளைபோட்டுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குழாய்களையும் எஞ்சினின் உட்புறத்தையும் நன்னீரால் கழுவு. மேலே மூடும் படங்கில் காற்றுப் போக வழி இருக்கட்டும். இங்கே ஒரு படகுத்துறையில் காற்றுப்புகாமல் இறுக்கிக் கட்டியதில் ஆசனங்கள் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப்போயின. பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோ.

இறக்கும்போது மூடிகள் எல்லாம் பூட்டப்பட்டனவா என்று பார்த்த பிறகுதான் ட்ரெயிலரைப் பின்னுக்கு விடவேண்டும். படகு மிதக்கும்வரை, அதை ட்ரெயிலரோடு பிடித்திருக்கும் முன்பக்க வின்ச் பட்டியைக் கழற்றாதே. எஞ்சின் உயர்ந்தபடியே இருக்கட்டும். கரையில் ஒருவர் அணியக் கயிற்றைப் பிடித்திருக்க, ஆழம் போதுமென்றால் எஞ்சினைத் தாழ்த்திக் கிளப்பு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் பக்கத்துவாரத்தால் பீய்ச்சுகிறதா என்று முதலில் கவனி. பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்து. பெரும்பாலும் ஆற்றுவாழை வேரோ பொலித்தீனோ அடைத்திருக்கும்.

உயர்ந்த கூரையும் ஆழமில்லாத குழாய்களும் உள்ள இந்தப் படகைக் காற்று எளிதில் பக்கவாட்டில் தள்ளும். கச்சான் காற்று வீசும் பிற்பகல்களில் கரையணைவது சிரமம்; காற்றை எதிர்கொண்டு மெதுவாக அணைப்பதே நல்லது. வானம் இருண்டு இடி கேட்டால் பயணத்தைப் பாதியில் விட்டுக் கரைக்குத் திரும்பு.

முற்பணம் கொடுக்குமுன் குழாயின் விட்டம், நீளம், உள்ளறைகளின் எண்ணிக்கை, எஞ்சினின் நிறை ஆகியவற்றை அளந்தும் கேட்டும் எனக்கு எழுது. எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை நாம் இருவரும் சேர்ந்து கணக்கிட்டுப் பார்த்த பிறகு விலை பேசலாம்.

அன்புடன்,
உன் நண்பன்