ஒரு லட்சம் லூமன் வேண்டாம் மக்கா

அன்புள்ள மக்கா,

தூண்டில் போட வாங்கப் போவதாக நீ அனுப்பிய நெற்றி லைட் விளம்பரப் படத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். ஒரு லட்சம் லூமன் (லைட் தருகிற வெளிச்சத்தின் அளவு அது), அஞ்சு கிலோமீட்டர் பாயும், விலை எண்ணூறு ரூபாய்கூட இல்லை. நம்ம காரில் இருக்கிற ஹாலஜன் பல்பு ஒன்று ஏறத்தாழ 1,500 லூமன்தான் தரும். அப்படியானால் அறுபது எழுபது கார் பல்பை நெற்றியில் கட்டிக்கொண்டு நீ தூண்டில் போடப் போகிறாய். பேத்தி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அந்தத் தாத்தாவுக்கு முடி கருகாதா?" என்று கேட்டாள். கருகுவதற்கு முடி வேண்டாமா என்று சொல்லி வைத்தேன்.

வாங்காதே. காரணம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். உனக்கு லீவு நாளில் வேறு என்ன வேலை?

முதலில் ஊர்ச் செய்தி. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. வலது கண் இன்னும் பாக்கி. டாக்டர் தையெல்லாம் கழியட்டும் என்கிறார். இப்போது ஒரு வேடிக்கை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் டியூப் லைட் நீலம் பாய்ந்து தெரிகிறது, இடதை மூடினால் அதே லைட் பழைய வேட்டி மாதிரி மஞ்சள். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளடித்துப் போகிறதாம், நமக்குத் தெரியாமலே. ஆகையால் வெளிச்சத்தைப் பற்றிப் பேச இன்றைக்கு ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ரெண்டு கண்ணாலும் ரெண்டு சாட்சி சொல்வேன்.

போன வருஷம் நடந்ததை உனக்கு எழுதவில்லை, வீட்டில் தெரிந்தால் கம்பை ஒடித்து அடுப்பில் வைத்துவிடுவார்கள் என்று பயம். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நடைபாதைக் கடையில் ஒரு நெற்றி லைட் வாங்கினேன். அட்டையில் நீ அனுப்பிய படத்தில் இருந்த மாதிரியே எழுத்து. அதைக் கட்டிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு, கடலுக்குள் கல் போட்டு நீட்டியிருக்கிற தூண்டில் வளைவின் நுனிவரைக்கும் போய்விட்டேன். நீ பார்க்கும்போது வெறும் பாறாங்கல்தான், இப்போது நுனியில் நாலு கால் சிமெண்ட் கல்லெல்லாம் போட்டிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காலெடுத்து வைக்கப் பகலிலேயே யோசிக்க வேண்டும். பாசி வேறு. ஒரு மணி இருக்கும், அலை ஒன்று அடித்துத் தண்ணீர் தலையில் விழுந்தது. சவத்து லைட் ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுச் செத்துப் போனது. போனை பைக்கில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஒன்றும் செய்வதற்கில்லை, உட்கார்ந்துவிட்டேன். முதல் பத்து நிமிஷம் என் கையே எனக்குத் தெரியவில்லை. அப்புறம் மெல்லக் கல்லின் விளிம்பு தெரிந்தது, நுரை தெரிந்தது. அரை மணி நேரம் ஆனதும் தூண்டில் கம்பின் நுனி ஆடுவதைக்கூடப் பார்க்க முடிந்தது. நிலா இல்லை, நட்சத்திரம் மட்டும்தான். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் வேண்டும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நம்ம வயதுக்கு இன்னும் கூடும். சரி, நடந்து போய்விடலாம் என்று எழுந்தேன் பார், அந்த நேரம் ஒரு பையன் நெற்றியில் பெரிய லைட்டோடு வந்து, "தாத்தா, மீன் உண்டா?" என்று நேரே முகத்தில் அடித்தான். போச்சு, அரை மணி நேரச் சம்பாத்தியம் ஒரு நொடியில் போச்சு. மறுபடி குருடன். அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் கரை வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் லைட் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. எல்லோரும் எவ்வளவு கூட்டலாம் என்று கேட்கிறார்கள், கடைக்காரரிடம் நான் எவ்வளவு குறைக்கலாம் என்றுதான் கேட்கிறேன். முள்ளில் இரை குத்தவும் தங்கூசி நரம்பில் முடிச்சுப் போடவும் அஞ்சு லூமன், பத்து லூமன் போதும். வேலை கையெட்டும் தூரத்தில்தானே? கல்லில் நடக்க நூறு, நூற்றைம்பது. எப்போதாவது எட்டிப் பார்க்க முந்நூறு நானூறு இருந்தால் நல்லது, அதுவும் ஒரு நிமிஷத்துக்கு. ஆயிரம், ரெண்டாயிரம் என்று போட்டிருக்கிற நல்ல கம்பெனி லைட்டும் அந்த வேகத்தில் சில நிமிஷம்தான் எரியும். சூடாகிவிடும் என்று தானாகக் குறைத்துக்கொள்ளும்.

சிவப்பு வெளிச்சம் கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணுக்குள் இருட்டில் பார்க்கிற செல்களுக்கு அடர்சிவப்பு அவ்வளவாக உறைப்பதில்லை, அதனால் பழகின கண் கெடாது, பூச்சியும் முகத்தில் மொய்க்காது. ஒன்றைக் கவனி. சில லைட்டில் சிவப்புக்குப் போக வெள்ளையைத் தாண்டித்தான் போக வேண்டும். பட்டனை அமுக்கினால் முதலில் பளீர் என்று முழு வெள்ளை, ரெண்டாவது, மூன்றாவது அமுக்கில்தான் சிவப்பு. அதற்குச் சிவப்பு இல்லாமலே இருக்கலாம். தனிப் பட்டனோ, நீள அமுக்கில் நேரே சிவப்போ இருக்கிறதா என்று கடையிலேயே அமுக்கிப் பார். பட்டனும் கண்ணை மூடிக்கொண்டு, மீன் பிசுக்குக் கையோடு கண்டுபிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். சிவப்பில் ஒரு குறை, விரலில் முள் ஏறி ரத்தம் வந்தாலும் சரியாகத் தெரியாது. அப்போது வெள்ளை போட்டுக்கொள்.

வெள்ளையிலும் நீலம் பாய்ந்தது வேண்டாம், கொஞ்சம் மஞ்சள் கலந்ததாக எடு. என் ரெண்டு கண்ணும் இதில் மட்டும் ஒத்துப் போகின்றன.

அட்டையில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏமாறுவது அங்கேதான். நல்ல கம்பெனிகள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அமெரிக்க அளவுமுறைப்படி எழுதுவார்கள், 2009இல் வந்தது. அதில் '200 மீட்டர்' என்றால், அந்தத் தூரத்தில் கிடைக்கிற வெளிச்சம் கால் லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா மாதிரி. அங்கே நிற்கிறவன் மூக்கு வாய் தெரியும் என்று நினைத்துவிடாதே. நேரக் கணக்கும் அப்படித்தான். 'இருபது மணி நேரம்' என்றால், வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகத் தேய்கிற வரைக்கும் சேர்த்து இருபது. இன்னொன்று, தூரம் இரட்டிக்க வேண்டுமானால் வெளிச்சத்தின் வீரியம் நாலு மடங்கு வேண்டும். அஞ்சு கிலோமீட்டர்க்காரனின் யோக்கியதையை இதை வைத்தே எடைபோட்டுக்கொள்.

தண்ணீர் தாங்குவதற்கு ஐபிஎக்ஸ் என்று ஒரு தரக்குறி போடுவார்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீர் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். கடலுக்கு 7க்குக் குறையாதே. ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. நம்ம உப்புத் தண்ணீர் சார்ஜ் போடுகிற ஓட்டையின் ரப்பர் மூடிக்குள் புகுந்தால் மூணு மாதத்தில் பச்சை பூத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, உலர்ந்த பிறகு சார்ஜ் போடு. கட்டுகிற பட்டையையும் துவை. என் வீட்டுக்காரி என்னுடையதைக் கம்பால் தூக்கிக் கொல்லையில் போட்டாள், அவ்வளவு நாற்றம்.

பேட்டரி. நமக்குத் தெரிந்தது ரெண்டு கட்டை, மூணு கட்டை எவரெடிதான். இப்போது எல்லாம் 18650 என்கிற லித்தியம் கட்டை. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம், பெயரே அளவுதான். இந்த அளவில் நல்ல கட்டையின் கொள்ளளவு பெரும்பாலும் 3,500 எம்ஏஎச் அளவோடு நின்றுவிடும். 9,900 என்று அச்சடித்து விற்கிறார்களே, அது முழுப் பொய். எடை போட்டாலே தெரிந்துவிடும். நல்ல கட்டை 45 கிராமுக்கு மேல் இருக்கும், செத்துப் போன என் லைட்டுக்குள் இருந்ததை அடுக்களைத் தராசில் வைத்தேன், 28 கிராம். பழைய லேப்டாப்பிலிருந்து உருவின கட்டையும் வேண்டாம். நெற்றியில் கட்டுகிற சாமான் அது. கட்டையைக் கழற்றி மாற்றுகிற மாதிரி லைட்டாக எடுத்து, கூட ஒரு கட்டை வாங்கிக்கொள். விமானத்தில் வரும்போது உதிரிக் கட்டையைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டால் பிடித்துவிடுவார்கள்.

எடை நூறு கிராமுக்குள் இருக்கட்டும். பின்மண்டையில் பேட்டரிப் பெட்டி வைத்தது பெரிய வேலைக்குச் சரி, நமக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

நெற்றி லைட் மட்டும் போதாது, கையில் ஒரு சின்ன டார்ச்சும் வேண்டும். நெற்றியில் இருக்கிற வெளிச்சம் கண்ணோடு கண்ணாகப் போவதால் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் பள்ளம் மேடு தெரியாது, கல்லிடுக்கு எல்லாம் சப்பையாகத் தெரியும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்தால் ஒவ்வொரு குழியும் கறுப்பாக வாய் திறக்கும். மூடுபனியிலும் அப்படித்தான், நெற்றியில் அடித்தால் கண்முன் வெள்ளைச் சுவர். போன வருஷம் சட்டைப்பையில் ஒரு டார்ச் இருந்திருந்தால் அந்தப் பையன் கையைப் பிடித்திருக்க மாட்டேன்.

தண்ணீரில் நேரே அடிக்காதே, கரையோரம் வந்த மீன் சிதறிவிடும். வள்ளம் வருகிற பக்கமும் அடிக்காதே, ஓட்டுகிறவர் கண் கூசி வாயில் வந்ததைச் சொல்வார், அதில் நியாயம் உண்டு. அசையாத வெளிச்சத்துக்கு வேறு குணம். சின்ன மீன் வரும், அதைத் தேடிக் கணவாய் வரும், வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற ஓரத்தில் வந்து நிற்கும். இதைத்தான் பெரிய போட்டுக்காரர்கள் ஜெனரேட்டர் வைத்து எல்இடி போட்டு மொத்தமாக வாரினார்கள். 2017 நவம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. கடப்புறத்தில் இன்னும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் குரல் உயரும்.

அப்புறம், லைட் வாங்கினால் மாமா மாதிரி ஒரு நாள் முயலுக்கும் போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முயலும் உண்டு. நெற்றி லைட்டோடு பிடிபட்டுப் பேப்பரில் படம் வருகிறவர்களில் நாமும் ரெண்டு பேராகிவிடுவோம், தலைப்பில் 'முதியவர்கள்' என்று போடுவான். மாமா அஞ்சு கட்டை லைட்டைத் துண்டால் தலையோடு சேர்த்துக் கட்டுவாரே, ஏன் என்று அன்றைக்கு நமக்குப் புரியவில்லை. ராத்திரி நடமாடுகிற பல மிருகங்களின் கண்ணுக்குள் பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சம் போன வழியிலேயே திரும்பும், ஆகையால் லைட் நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அந்த மினுக்கம் தெரியும். நீ அதையே பார்க்க ஆசைப்பட்டால் நம்ம தோப்பில் காட்டுகிறேன். புல்லில் லைட்டை அடித்தால் பனித்துளி மாதிரி பொடிப்பொடியாக மினுங்கும், குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் சிலந்தி. முதல் தடவை பார்த்தபோது நான் ரெண்டடி பின்னால் போய்விட்டேன்.

நான் இப்போது வைத்திருப்பது ரெண்டாயிரம் ரூபாய்ச் சாமான், ஒரு வருஷம் ஆகிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீயும் அந்த விலைக்குள் பார். அங்கே கடையில் கட்டிப் பார்த்து, குனிந்து நிமிர்ந்து, கீழே சாய்க்க முடிகிறதா, சாய்த்த இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து வாங்கு.

டிக்கெட்டைப் பங்குனி அமாவாசையை ஒட்டிப் போடு. கணவாய்க்கு இருட்டு வேண்டும். சித்திரைக்குத் தள்ளிவிடாதே, அந்த மாதங்களில் காற்றே இல்லாமல் கள்ளக்கடல் ஏறிவரும், எங்கோ தூரத்தில் எழும்பின அலை திடீரென்று கரையேறுவது அது. ஹைதராபாத் கடல் தகவல் மையத்திலிருந்து எச்சரிக்கை வருகிற அன்று நான் தூண்டில் வளைவில் கால் வைப்பதில்லை. இரைக்குச் சாளை நான் வாங்கி வைக்கிறேன். உன் பழைய மூங்கில் கம்பு பரணில்தான் இருக்கிறது, பாதி கறையான் தின்றுவிட்டது. மீதி உனக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி