வடக்கு - தெற்கு சரி, கிழக்கு - மேற்கு?

ஆசிரியருக்கு,

செங்கல்பட்டு மாவட்டப் போக்குவரத்து என்றாலே இப்போது விமான நிலையம் - கிளாம்பாக்கம் மெட்ரோ பற்றித்தான் பேச்சு. வரட்டும், வேண்டியதுதான். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மின்சார ரயில், ஜி.எஸ்.டி. சாலை (சென்னை - திருச்சி நெடுஞ்சாலை), ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை), ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) எல்லாமே வடக்கு - தெற்காக ஓடுகின்றன. மெட்ரோவும் அதே திசையில்தான் வரப்போகிறது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ குடியிருந்துகொண்டு, கிழக்கே ஓ.எம்.ஆர். பக்கமுள்ள சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவில் வேலை பார்ப்பவர் என்ன செய்வார்?

அவருக்கு இருப்பது பெரும்பாலும் ஜி.எஸ்.டி. சாலையையும் ஓ.எம்.ஆரையும் இணைக்கும் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை. சுமார் 18 கி.மீ. கல்லூரிப் பேருந்து, கம்பெனி வேன், டிப்பர் லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் அதில்தான் முட்டி மோதுகின்றன. மழை நாளில் மாம்பாக்கம் பக்கம் பைக்கில் போகிறவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வண்டலூரில் ரயிலை விட்டு இறங்குபவர், வாகனங்கள் பறக்கும் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனால்தான் கேளம்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்க முடியும். அதற்குள் பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோதான் கதி.

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் இந்தப் பகுதிக்கு வந்துபோவோர் கூட்டமும் கூடிவிட்டது. மெட்ரோ வர ஆண்டுகள் ஆகும். அதுவரை, கிளாம்பாக்கத்திலிருந்து வண்டலூர் ரயில் நிலையம் வழியாக சிறுசேரிக்கு, ரயில் நேரத்தை ஒட்டி, காலை மாலை அடுத்தடுத்து சிற்றுந்துகள் விடலாமே? கடைசி ரயிலில் வருகிறவர்களையும் கணக்கில் வைத்துக்கொண்டால் நல்லது.

- ஒரு வாசகர், ஊரப்பாக்கம்