டிரையர் இரைச்சலுக்கு மோட்டார்தான் காரணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் அரைத் தானியங்கி சலவை இயந்திரத்தின் டிரையர் கரகரவென்று இரைந்தபோது, பழுதுபார்க்க வந்தவர் திறந்துகூடப் பாராமல் மோட்டாரையே மாற்றச் சொன்னார். மனம் ஒப்பாமல் மின் இணைப்பைத் துண்டித்துப் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். மூடியை மூடும்போது பிரேக்கை விலக்க வேண்டிய கம்பி தளர்ந்ததால், பிரேக் கட்டை சுழலும் சக்கரத்தோடு உரசிக்கொண்டிருந்தது. கம்பியை இறுக்கியதும் ஓசை நின்றுவிட்டது. தொட்டி தடதடவென ஆடினால், துணி ஒருபுறமாகக் குவிந்திருக்கலாம். மோட்டாரைத் தாங்கும் ஸ்பிரிங் ஒடிந்திருக்கவும் கூடும். இணைப்பைத் துண்டித்த பின்னும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகமான கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், அதை மட்டும் யாரும் தொடவே கூடாது. பழுதான பாகத்தை உரிமையாளரிடம் காட்டிய பிறகே மாற்றுவதைச் சேவை மையங்கள் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை