யமாகுச்சி உதிரிபாகம் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைய வாசகர்களுக்காகப் படங்களோடு வெளிவரும் ஜப்பானிய லைட் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களுக்கும் இந்நூல்களுக்கும் உள்ள வணிக உறவைக் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். ஆயினும், நாவலாசிரியர் நொபோரு யமாகுச்சி மறைந்த பின்னரும் அவருடைய 'ஜீரோ நோ சுகைமா' தொடர் வேறொருவர் கையால் எழுதப்பட்டு வெளிவந்ததைச் சுட்டி, இத்துறையில் எழுத்தாளர் என்பவர் கழற்றி மாட்டக்கூடிய உதிரிபாகம்தான் என்று அவர் முடித்திருப்பதை ஏற்பதற்கில்லை.

1972இல் பிறந்த யமாகுச்சி, நாவலுக்கு வருமுன் கணினி விளையாட்டுகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். அவற்றில் சில வயது வந்தோருக்கானவை என்பதால் அவரைப் பற்றி எழுதுவோர் அந்தக் காலத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். திரையில் வரும் உரையாடலை மட்டுமே கொண்டு பாத்திரத்தை நிறுத்தும் பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. 2004 ஜூனில் 'ஜீரோ நோ சுகைமா' முதல் பாகம் எம்எஃப் புங்கோ ஜே என்ற லைட் நாவல் வெளியீட்டு வரிசையில் வந்தது. 2011 பிப்ரவரிக்குள் 20 பாகங்கள் வந்துவிட்டன. இதற்கிடையே 2006 முதல் 2012 வரை நான்கு பருவங்களாக அனிமேயும் ஒளிபரப்பானது.

மாந்திரீகப் பள்ளியில் எந்த மந்திரமும் பலிக்காத லூயிஸ் என்ற மாணவி, தனக்கு ஏவல் செய்ய ஓர் உயிரினத்தை அழைக்கப் போய், டோக்கியோவில் இருந்த சைதோ என்ற பையனை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள் என்பதே கதையின் தொடக்கம். இதை வெறும் கேலிக்கதை என்று ஒதுக்குபவர்கள் மூன்றாம் பாகத்தையாவது படிக்க வேண்டும். தார்ப் என்ற கிராமத்தார் போற்றிப் பாதுகாத்துவரும் 'நாகத்தின் ஆடை' உண்மையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ விமானம். பள்ளியின் பணிப்பெண் சியெஸ்டாவின் பூட்டனார் அதில் பறந்துவந்து, திரும்ப வழியின்றி அங்கேயே வாழ்ந்து மடிந்தவர். அவர் கல்லறையில் பொறித்திருப்பதை அந்த உலகில் ஒருவராலும் படிக்க முடிந்ததில்லை; சைதோ வந்து நின்றதும் கடகடவென்று படித்துவிடுகிறான். அதோடு விடாமல், விமானத்துக்கு எரிபொருள் வேண்டுமே என்று யோசித்து, ஆசிரியர் கோல்பேர் ரசவாதத்தால் பெட்ரோல் காய்ச்சும் காட்சியையும் யமாகுச்சி எழுதிவைத்தார். நம் உலகத்தவர் வேறோர் உலகில் போய் விழும் வேற்றுலகக் கதைகள் இன்று குவிந்துகிடந்தாலும், பெட்ரோலுக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது?

அவருடைய வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. பிற கதைகளின் நாயகர்களையெல்லாம் லூயிஸ் அழைத்தால் என்னவாகும் என்று இணையத்தில் எழுதிக் குவித்தார்கள். பின்னாளில் பெருகிய வேற்றுலக நாவல்களுக்கு அந்த எழுத்துப் பழக்கம் ஒரு முக்கியமான ஊற்று என்பதைக் கட்டுரை குறிப்பிடாதது பெரிய விடுபடல்.

தமக்குப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பதை 2011இல் அறிவித்த யமாகுச்சி, 2013 ஏப்ரல் 4 அன்று, 41 வயதில் காலமானார். கதையின் முடிவு வரைக்குமான குறிப்புகளை அவர் விட்டுச்சென்றிருந்தார்; தொடரை எப்படியாவது நிறைவு செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பமாகவும் இருந்தது. பதிப்பகம் 2015இல் இதை அறிவித்து, 21ஆம் பாகத்தை 2016 பிப்ரவரியிலும் இறுதிப் பாகத்தை 2017 பிப்ரவரியிலும் வெளியிட்டது. படங்களைத் தொடக்கம் முதல் வரைந்த எய்ஜி உசட்சுகாவே கடைசி வரை வரைந்தார். எழுத்தாளர் யாராயிருந்தாலும் ஒன்றுதான் என்றால், நான்கு மாதத்துக்கு ஒன்றாகப் பாகங்கள் வந்த தொடரில் ஐந்தாண்டு இடைவெளி ஏன் விழ வேண்டும்? இறந்தவரின் குறிப்பைத் தாண்டி ஓரடி வைக்கவும் ஏன் தயங்க வேண்டும்?

எனக்கும் ஒரு குறை உண்டு, அது வேறு இடத்தில். அந்த இரு பாகங்களின் அட்டையிலும் யமாகுச்சியின் பெயர் மட்டுமே இருந்தது. எழுதி முடித்தவர் அதே வரிசையில் சொந்தத் தொடர் ஒன்றை எழுதிவந்த யூ ஷிமிசு என்பது தொடர் முடிந்த பிறகே வெளியானது. வாசகர்கள் புதியவரின் கைவரிசையை வரிக்கு வரி தேடிக்கொண்டிராமல் கதையைப் படிக்கட்டும் என்று பதிப்பகம் எண்ணியிருந்தால் 21ஆம் பாகத்துக்கு அது பொருந்தும். கடைசிப் பாகத்தின் அட்டையிலாவது, யமாகுச்சியின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில், ஷிமிசுவின் பெயரைப் போட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.