சுவிட்ச் மாற்ற இவ்வளவு கூலியா?

ஆசிரியருக்கு,

‘அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?’ என்று சேலத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் எங்களைக் கேட்காத வீடே இல்லை. சுவிட்ச் மாற்ற அஞ்சு நிமிஷம்தான், சரி. அம்மாபேட்டையிலிருந்து அழகாபுரம் வரை வண்டியில் வந்து, பிறகு சாமான் வாங்கக் கடைக்கு ஓடுவதை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

பழுதைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்றால் கெய்சர் காயிலா, மழையில் நனைந்த வாசல் விளக்கா, அல்லது எங்கோ நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த் வயரைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும், இதில் கடைசி ரகம் படுமோசம், ஏனென்றால் போர்டில் உள்ள சாதாரண ஒற்றை எம்சிபியை (ஓவர்லோடு ஆனால் விழும் சுவிட்ச்) அணைத்தாலும் நியூட்ரல் துண்டிக்கப்படாது, ஒவ்வொரு நியூட்ரல் வயராகக் கழற்றித்தான் பார்க்கணும். பாதி நாள் போய்விடும், கடைசியில் மாற்றியது ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்!

கூலியைக் குறைத்துச் சொல்லிவிட்டு சாமான் விலையில் ஏற்றுபவர்களும் எங்களில் உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: வந்து பார்க்க இவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று போனிலேயே பேசிவிடலாம். புது வயரிங்குக்கு, ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு பிளக் என்று பாயிண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு இருக்கவே இருக்கிறது. சாமானை நீங்களே பில் போட்டு வாங்கிக் கொடுங்கள். ஏற்காடு என்றால் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் பெட்ரோல் தனி.

– ஒரு எலக்ட்ரீஷியன், அம்மாபேட்டை, சேலம்