பெண் பார்க்க வந்தவர்களும் முத்தம்மாவும்

நாகர்கோவில்

அன்புள்ள தோழிக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ மார்த்தாண்டத்திலிருந்து கொடுத்தனுப்பிய மட்டி வாழைக்குலை இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. இங்கே விடாத சாரல், துணி காயவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிப்பது உனக்குத் தெரியுமே. மாப்பிள்ளையின் பெரியம்மா காப்பியைக் குடித்து முடித்ததும், "கல்யாணத்துக்குப் பிறகும் வேலை வேண்டுமா?" என்று கேட்டார். தம்பி விட்டத்தைப் பார்த்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? சி. பி. முத்தம்மாவின் கதையை எடுத்துவிட்டேன்.

குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். நேர்முகத் தேர்விலேயே அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். சேர்த்துக்கொண்டபோதும், மணமானால் ராஜினாமா செய்வதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தில், 'ஆண்கள்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை நீக்கி 'மனிதர்' என்று போட வைத்தவர் நம் நாட்டின் ஹன்சா மேத்தா. (தமிழில் எழுதியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது!) ஊருக்கு உபதேசம் செய்த கையோடு வீட்டுப் பெண்ணிடம் இப்படிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

ஹங்கேரியில் தூதராக இருந்த பிறகும் முத்தம்மாவுக்குப் பதவி உயர்வை மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அவசரமாக உயர்வு கொடுத்துவிட்டதால் 1979-இல் மனு தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி கிருஷ்ணய்யர் விட்டுவிடவில்லை. திருமணத்துக்குப் பெண் அதிகாரி மட்டும் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியைத் தீர்ப்பிலேயே காய்ச்சி எடுத்து, பாகுபாடான விதிகளை எல்லாம் திருத்தச் சொன்னார். பிறகு 2001-இல் சோகிலா ஐயர் என்ற பெண் அதிகாரி வெளியுறவுச் செயலாளராகவே ஆனார்.

எல்லாவற்றையும் கேட்ட பெரியம்மா, "அந்த அம்மா கல்யாணம் செய்துகொண்டாரா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

வசமாக மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் தம்பி மகள் தட்டை எடுக்க வந்தவள், "முதல்நிலைத் தேர்வே இன்னும் எழுதவில்லை பெரியம்மா, அதற்குள் ராஜினாமாவா?" என்றாள். மாப்பிள்ளைப் பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. நீ வரும்போது உன் பழைய வரலாற்றுப் புத்தகங்களைக் கொண்டுவா. அவளுக்குத் தேவைப்படும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி